தகர ஆளுக்கு என் குரல்

தம்பி,

தேவையில்லாமல் பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டு உன் அம்மா ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் சிரித்துவிட்டாள். "யாரு, இவரா? தூக்கத்துல கூட லொடலொடன்னு பேசிக்கினு கெடப்பாரு டாக்டர்" என்றாள். வெளியே வந்து செருப்பை மாட்டும்போது பார்த்தால் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சங்கராபுரம் வந்து சேரும் வரை பஸ்ஸில் என் ஆஸ்பத்திரிச் சீட்டுகளை மடியில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்தாள். ஜன்னல் வழியாகக் கரும்பும் நெல்லும் ஓடிக்கொண்டே இருந்தன. உன்னிடம் பேச வேண்டியது நிறைய இருக்கிறது, ஆனால் போனில் நாலு வார்த்தைக்கு மேல் போனால் தொண்டையில் முள் குத்துகிறது, நீயும் "சரிப்பா, வெக்கிறன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுமையாகப் படி.

நீ போன தடவை வந்தபோது நான் கோபித்துக்கொண்டு எழுந்து போனதை அம்மா உன்னிடம் ஏதோ சமாதானம் சொல்லி மூடியிருப்பாள். நோய் வந்த மனுஷன், சிடுசிடுப்பு ஜாஸ்தி என்று சொல்லியிருப்பாள். அது இல்லை, தம்பி. நீ கம்ப்யூட்டரைத் திறந்து உன் குறும்படங்களைக் காட்டினாயே, அப்போது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? அந்த வெளிநாட்டு எழுத்தாளர் எழுதிய ரோபோ கதைகளை வைத்து நீயும் உன் கூட்டாளிகளும் ஒவ்வொரு படமாக வரைந்து அசைய விட்டிருந்தீர்கள். ஒரு ரோபோ யாருமில்லாத வீட்டில் தினமும் கோலம் போடுகிறது. இன்னொன்று ஆடு மேய்க்கிறது, ஆடுகள் அதன் மேல் ஏறித் தூங்குகின்றன. பார்க்கப் பார்க்க எனக்குத் தூக்கமும் விழிப்பும் கலந்தது போல் ஆகிவிட்டது. மூன்றாவது படத்தின் கிழட்டு ரோபோவுக்கு என் குரல்தான் வேண்டும் என்றாய். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம் தயங்கித் தயங்கி, ஆபரேஷனில் குரல்வளையையே எடுத்துவிடுவார்கள் என்பதால் என் குரலை முன்கூட்டியே கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுத்துவிடலாம், அதற்குப் பிறகு அது என்ன எழுதிக் கொடுத்தாலும் என் குரலிலேயே பேசும் என்றாய். நான் தலையாட்டினேன். நான் போனில் உனக்கு அனுப்பிய பேச்சுகளை வைத்து ஏற்கனவே கொஞ்சம் செய்து பார்த்திருப்பதாகச் சொல்லிப் பட்டனை அழுத்தினாய். "கண்ணு, சாப்டியாடா?" என்று, நான் உன்னைக் கூப்பிடுகிற பெயரைச் சொல்லிக் கேட்டது. அச்சு அசல் என் குரல். நோய் வருவதற்கு முந்தைய குரல். நான் வாயே திறக்கவில்லை. அடுத்ததாக அது "ஏம்மே, கொஞ்சம் தண்ணி கொண்டா" என்றது. அடுப்பங்கரையில் இருந்த உன் அம்மா "தோ வர்றங்க" என்றாள். ஒரு நிமிஷத்தில் சொம்போடு வந்து நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள், கம்ப்யூட்டரைப் பார்த்தாள், உன்னைப் பார்த்தாள். அந்தச் சொம்பை யாரிடம் கொடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. நான் எழுந்து வெளியே போனது அதனால்தான்.

வயிறு எரிந்தது, தம்பி. என் வீட்டில் நான் உட்கார்ந்திருக்கும்போதே என் பெண்டாட்டி வேறு எதற்கோ பதில் சொல்லிவிட்டாளே என்று எரிந்தது. சிறுபிள்ளைத்தனம்தான். ஆனால் எதற்கு எரிந்தது என்று யோசித்துக்கொண்டே படுத்துக் கிடந்ததில் மனம் கல்வராயன் மலைமேல் இருக்கும் கரியாலூருக்குப் போய்விட்டது. அந்தக் கதையின் பாதியைத்தான் உனக்குச் சொல்லியிருக்கிறேன். மீதியை இப்போது சொல்லிவிடுகிறேன், பிறகு உனக்கு என் பதிலையும் சொல்கிறேன்.

நான் சங்கராபுரத்தில் வீடியோ கடை வைத்திருந்த காலம். கலர் டிவி, கேசட் ஓட்டும் டெக், சின்ன ஜெனரேட்டர் மூன்றையும் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீர் என்று எங்கே கூப்பிட்டாலும் கொண்டுபோய்ப் படம் போடுவேன். அன்றைக்கு வீடியோ கடைக்காரன் எவனும் புதுப்படக் கேசட்டை அதன் பெயரோடு வெளியே வைக்க மாட்டான். தியேட்டரில் ஓடும் படம் கடையில் அகப்பட்டால் போலீஸ் டெக்கோடு சேர்த்து ஆளையும் தூக்கிக்கொண்டு போகும். அதனால் புதுப்படத்தைப் பிள்ளைகள் பார்க்கும் பொம்மைப்படத்தின் பெட்டியில் ஒளித்து வைப்போம். மேலே முயலும் வாத்தும் சிரிக்கும், உள்ளே கத்திச் சண்டை இருக்கும். இது எங்கள் எல்லோருக்கும் பழக்கம். இதில் என் புத்திசாலித்தனம் என்னவென்றால், சிங்கப்பூரிலிருந்து வந்த ஒருவர் கொடுத்த நிஜமான பொம்மைப்படக் கேசட் ஒன்றையும் அதே தட்டில் வைத்திருந்தேன்.

கரியாலூரில் சடையன் என்பவர் தன் மகள் செல்லிக்குக் கல்யாணம் வைத்திருந்தார். புதுப்படம்தான் வேண்டும், சண்டைப்படமாக இருக்க வேண்டும் என்று ஆள் அனுப்பியிருந்தார். பெட்டி மேல் ஒரு இரும்பு மனிதன் படம் போட்டிருந்த கேசட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறினேன். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும்போதே பனி இறங்கிவிட்டது. எனக்கு முன்னால் இருந்த சாலை இரண்டு கை நீளத்துக்குத்தான் தெரிந்தது. மாலையில் சடையன் வீட்டு வாசலில் டிவியை வைத்து, சனம் எல்லாம் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்த பிறகு, கேசட்டைத் தள்ளினேன். பனி மூடிய மலையில் ஒரு இரும்பு மனிதன் குடத்தைத் தூக்கிக்கொண்டு மெதுவாக நடந்து வந்தான். பொய்ப்பெட்டி என்று நினைத்து மெய்ப்பெட்டியை எடுத்து வந்திருக்கிறேன்.

"யோவ், சண்டப் படம்னு சொல்லிட்டு இன்னாயா இது, தகர டப்பா ஒண்ணு நடந்துக்கினு இருக்குது?" என்று ஒரு குரல். "வெளக்கமாத்த எடுங்கடா" என்று இன்னொரு குரல். கைவசம் வேறு கேசட் இல்லை. அதில் பேசுவது இங்கிலீஷா வேறு பாஷையா என்றுகூட எனக்குத் தெரியாது. சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு டிவி பக்கத்தில் எழுந்து நின்றேன். "தகர டப்பான்னு சொல்லாதீங்கப்பா, கேட்டா அழுதுடுவான். இவன் அந்தக் கெழவரு வூட்டுக்குத் தண்ணி சொமக்கறவன். பேரு தகர ஆளு. பசிக்காது, கூலி கேக்க மாட்டான், பொண்டாட்டி கெடையாது, அதனால வம்பும் கெடையாது" என்று ஆரம்பித்தேன். பொம்பளைகள் பக்கம் சிரிப்பு கிளம்பியது. எனக்கு அது போதும். தகர ஆளுக்குக் கனத்த குரல், கிழவருக்கு இருமல் குரல், கோழிக்கு ஒரு குரல். வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். தொண்டைக்குள் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

படத்தின் கதை உனக்குத் தெரியும். கிழவருக்குக் காய்ச்சல் வருகிறது. தகர ஆளு மருந்து வாங்கக் கீழே ஊருக்குப் போகிறான். திரும்பி வரும்போது பனி கொட்டுகிறது. அவன் நெஞ்சில் ஒரு சின்ன விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. வீட்டுக்கு ஒரு வளைவு பாக்கி இருக்கும்போது அவன் பனியில் நின்றுவிடுகிறான், மருந்துப் பெட்டியைப் பிடித்த கை நீட்டியபடியே இருக்கிறது, விளக்கு அணைகிறது. அவ்வளவுதான் படம். கல்யாண வீட்டில் இதைக் காட்டலாமா? கேசட் கைக்கு வந்தபோதே கடையில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்திருந்ததால், முதல் நாளே, விளக்கு அணைவதற்குக் கொஞ்சம் முன்னால் டெக்கை நிறுத்திவிட்டேன். "மருந்த கொணாந்து குடுத்தான், கெழவரு எழுந்து உக்காந்து கஞ்சி குடிச்சாரு. அத்தக் காட்ட கேசட்டு பத்தல" என்றேன். எல்லோரும் நம்பினார்கள், அல்லது நம்பினது போல் எழுந்து போனார்கள்.

மறுநாள் விடியற்காலையில் மாப்பிள்ளை பழனி நான் வந்த அதே ஜீப்பில் கள்ளக்குறிச்சிக்குத் தாலியும் சேலையும் எடுக்கப் போனான். மாலைக்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனான். வரவில்லை. அடுத்த நாள் நடந்தே மேலே வந்த ஒருவர், கீழே இட ஒதுக்கீட்டுப் போராட்டம், ரோடெல்லாம் மரத்தை வெட்டிக் குறுக்கே போட்டிருக்கிறார்கள், ஒரு வண்டி ஓடவில்லை என்றார். சடையன் என்னைப் பார்த்து, "கீழ இன்னாத்துக்குங்க இப்புடி?" என்று கேட்டார். படிப்பிலும் வேலையிலும் பங்கு கேட்கிறார்கள் என்று சொன்னேன். "கேக்கட்டும், கேக்க வேண்டியதுதான். மரம் இன்னா பண்ணுச்சு பாவம்?" என்றார். ரிஷிவந்தியம் பக்கத்தில் எங்கள் ஊரிலிருந்தும் கோடாரியோடு போயிருப்பார்கள், என் அண்ணனும் போயிருப்பார் என்று எனக்குத் தெரியும். பின்னாளில் நீ சென்னையில் படம் வரையும் படிப்பில் சேர்ந்தபோது அந்தப் போராட்டம் வாங்கித் தந்த இடத்தில்தான் உட்கார்ந்தாய். அதையும் மறக்காதே, அந்த மரங்களையும் மறக்காதே.

அதற்கு அடுத்த நாள் வேறொரு பேச்சு மேலே வந்தது. எங்கேயோ போலீஸ் சுட்டுவிட்டதாம், ஆட்கள் விழுந்துவிட்டார்களாம். யார், எங்கே என்று யாருக்கும் தெரியாது. செல்லி மஞ்சள் பூசின முகத்தோடு சாமை உலர்த்தியிருந்த பாய் பக்கம் உட்கார்ந்து, ரோடு இருக்கும் திசையில் பனியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் கீழே போக வழியில்லாமல் அங்கேயே கிடந்தேன். ஜெனரேட்டருக்கு மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது. படத்தை மறுபடி போடச் சொல்லிப் பொம்பளைகள் வந்து நின்றார்கள். எண்ணெய் இல்லை என்றேன். போய் ஒவ்வொருத்தியும் தன் வீட்டு விளக்கில் இருந்த எண்ணெயைப் பாட்டிலில் சாய்த்துக்கொண்டு வந்தாள். ஊரில் ஒரு விளக்கு எரியவில்லை. அந்த டிவி வெளிச்சம் மட்டும் பனிக்குள் நீலமாக மிதந்தது. பிள்ளைகளின் முகங்கள், மாடுகளின் கண்கள், பலாமரத்து இலைகள் எல்லாம் அந்த நீலத்தில் வந்து வந்து போயின. நான் பேசிக்கொண்டே இருந்தேன். என் குரலைக் கேட்க எனக்கே யாரோ தூரத்தில் பேசுவது போல் இருந்தது. இன்று யோசித்தால், அதெல்லாம் நடந்ததா கனவு கண்டேனா என்று சந்தேகமாக இருக்கிறது.

ஒவ்வொரு மாலையும் அதே படம், ஒவ்வொரு மாலையும் அதே இடத்தில் நிறுத்துவேன். ஆனால் நான் சொல்லும் கதை ஒரே மாதிரி இருக்காது. செல்லியின் முகத்தைப் பார்ப்பேன். அது வாடிக் கிடந்தால் தகர ஆளு வழியில் ஒரு டீக்கடையில் ஒதுங்குவான், நல்லவர்கள் யாராவது கம்பளி கொடுப்பார்கள். அவள் கொஞ்சம் தெளிந்திருந்தால் தகர ஆளு வழுக்கி விழுந்து, "அய்யய்யோ எம் முட்டி" என்று அலறுவான். ஒரு நாள் அவள் என் பக்கம் வந்து, "ஏங்க, மெய்யாலுமே வூடு வந்து சேந்துட்டானா அவன்?" என்று கேட்டாள். "வந்துட்டாம்மா, கொஞ்சம் லேட்டு, அவ்ளோதான்" என்றேன். வேறு என்ன சொல்வேன்?

பழனி வந்தான். ரோடு வழியாக இல்லை, காட்டு வழியாக. சாயங்காலப் பனியில் முதலில் ஒரு டார்ச் வெளிச்சம் மட்டும் ஆடி ஆடி மேலே வந்தது. பிள்ளைகள் "தகர ஆளு! தகர ஆளு வர்றான்!" என்று கத்திக்கொண்டு ஓடினார்கள். பிளாஸ்டிக் பையில் சுற்றிய தாலியையும் சேலையையும் தலைமேல் வைத்துக்கொண்டு, கால் முழுக்க அட்டை கடித்த ரத்தத்தோடு, பேயறைந்த மாதிரி வந்து நின்றான். சடையன் அவனைக் கட்டிக்கொண்டு அழுத அழுகை இருக்கிறதே! செல்லி மட்டும் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

கல்யாணம் முடிந்த மாலை, புதுச்சேலையோடு அவளே வந்து டெக் பக்கத்தில் நின்றாள். "இன்னிக்கி நிறுத்தாதீங்க. கடசி வரைக்கும் போடுங்க" என்றாள். போட்டேன். விளக்கு அணைந்தது. "எனக்குத் தெரியுங்க" என்றாள் அவள். "நிறுத்தறப்பல்லாம் அவசர அவசரமா பட்டன அமுக்குனீங்களே, அப்பவே தெரியும்." எனக்கு மானம் போய்விட்டது. "அப்புறம் எதுக்கும்மா தெனமும் எண்ணெய் கொண்டாந்து ஊத்தின?" என்றேன். "நீங்க எம் மூஞ்சியப் பாத்து, பாத்துதான சொன்னீங்க? அது போதும்னு இருந்துது" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சாப்பாடு எடுத்து வைத்தாள். அந்தச் சாமைச் சோற்றின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

இந்த மீதிக் கதையை நான் உனக்குச் சொன்னதில்லை. தகர ஆளு பத்திரமாக வீடு வந்து சேர்ந்தான் என்றுதான் உன்னைத் தூங்க வைக்கும்போதெல்லாம் சொன்னேன். நீ கல்லூரிக்குப் போய், அந்தக் கேசட்டின் மூலக்கதை இருந்த அந்த எழுத்தாளரின் புத்தகத்தை எங்கேயோ தேடிப் பிடித்துப் படித்துவிட்டு, லீவுக்கு வந்ததும் வராததுமாய், "எப்பா, அவன் திரும்பி வரவே இல்லப்பா, என்ன ஏமாத்திட்டியே" என்று சண்டைக்கு வந்தாய். இப்போது அதே கதையைப் படமாக எடுத்து, அதே தகர ஆளுக்கு என் குரலைக் கேட்கிறாய். உன் படத்தில் அவன் நடக்கிற மலை கல்வராயன் மலை மாதிரியே இருப்பதைப் பார்த்தேன்.

இரண்டு நாளாக ஒரே கனவு வருகிறது. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் தகர ஆளு நிற்கிறான். என் குரலில், "கச்சிராயபாளையம் வண்டி எப்பங்க?" என்று எல்லோரிடமும் கேட்கிறான். மரியாதையாகத்தான் கேட்கிறான். நான் பக்கத்திலேயே நின்று, "தோ நிக்குது பாரு, ஏறு" என்று சொல்கிறேன். சத்தம் வரவில்லை. அவனுக்குக் கேட்கவில்லை. பஸ் போய்விடுகிறது. முதல் நாள் பயந்து எழுந்தேன். நேற்று பயமில்லை. அவன் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன், இருவரும் பனி விலகக் காத்திருந்தோம்.

சரி, என் பதிலைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நானும் அம்மாவும் சென்னைக்கு வருகிறோம். டாக்டரிடம் கேட்டுவிட்டேன், இது தேவையான பேச்சு, இடைவெளி விட்டு விட்டுப் பேசிக்கொள்ளுங்கள் என்றார். நீ சொல்கிறபடி உட்கார்ந்து எவ்வளவு வேண்டுமானாலும் பேசித் தருகிறேன். உன் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளட்டும். தகர ஆளு பேசட்டும், அடுத்த படத்தில் வருகிற கிழவன் பேசட்டும், நான் போன பிறகு நீ எடுக்கிற படங்களிலும் பேசட்டும். கதையில் வருகிறவனுக்குக் குரல் கொடுப்பது எனக்குப் பழக்கம்தான், அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. படம் பார்க்கும் பிள்ளைகள் சிரித்தால் அந்தச் சிரிப்பில் எனக்கும் கொஞ்சம் பங்கு உண்டு என்று வைத்துக்கொள்கிறேன். முடிவை மட்டும் மாற்றாதே. விளக்கு அணையட்டும். நீ என்னைப் போல் வாசலில் நின்று முகம் பார்த்துச் சொல்ல முடியாது, அதனால் உள்ளதை உள்ளபடி காட்டிவிடுவதுதான் நியாயம்.

ஆனால் அந்தக் குரலை வைத்து உன் அம்மாவைக் கூப்பிடாதே. நான் ஊமையாகி வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது அது அடுப்பங்கரைப் பக்கம் பேசக் கூடாது. எனக்குத் தண்ணி வேண்டுமென்றால் நான் சொம்பைத் தட்டிக்கொள்கிறேன், அவள் திட்டிக்கொண்டே வந்து கொடுப்பாள். நான் இல்லாத காலத்தில் ராத்திரி தனியாக உட்கார்ந்து, "கண்ணு" என்று சொல்ல வைத்துக் கேட்கலாம் என்று உனக்குத் தோன்றும். தோன்றாமல் இருக்காது, நீ என் பிள்ளை. அப்படிச் செய்யாதே, தம்பி. நீ இளைத்திருக்கிறாயா, அழுதிருக்கிறாயா என்று அதற்குத் தெரியாது. உன் முகத்தைப் பார்க்காமல் அது சாப்டியா என்று கேட்கும். உன் பெயரை மட்டும் அதைச் சொல்ல விடாதே.

ஆபரேஷன் அன்று காலையில் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடு. ஆபீஸ் வேலை என்று சாக்குச் சொல்லாதே. ஸ்ட்ரெச்சரில் உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன். கரகரவென்றுதான் வரும், பாதி காற்றாகப் போய்விடும், பக்கத்தில் இருப்பவர்களுக்குப் புரியாது. நீ ஓடி வந்து, "இன்னாப்பா?" என்று கேள். எனக்குச் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. சும்மா கூப்பிட்டேன் என்பேன்.

உன் அப்பா